பதினொரு அடுக்கு

விட்லோவின் தொழிற்சாலையில் பின்பக்கமாக ஓர் அறை உண்டு. சுவர், கூரை, தரை எங்கும் கூம்பு கூம்பாகக் கரும்பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ரேடியோ அலை எதுவும் எதிரொலிக்காது, பேச்சுக்கூட வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துவிடும். அதற்கு ஊமை அறை என்று பெயர் வைத்திருந்தார்கள். வோண்டா ட்ராமெல் பதினாறு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தாள்.

அவள் வேலை அளப்பது. தொழிற்சாலையில் செய்தது ஒரே ஒரு சரக்கு, கறுப்புத் தாள். தலைமுடியைவிட மெல்லிய படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தனியாகச் சூளையில் காயவைத்து, பதினொரு அடுக்கு சேர்ந்ததும் சுருட்டி அனுப்புவார்கள். அது காற்றாலைகளின் இறக்கையில் ஒட்டுகிற தாள். வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகிவிடும் என்பதால் குளிர்காலத்தில் இறக்கையில் பனி பிடிக்காது. அதைவிட முக்கியம், ரேடியோ அலையையும் குடித்துவிடும். சுற்றுகிற இறக்கை வானிலை ரேடாரின் கண்ணுக்குப் புயல் மாதிரியே தெரியும். தாளை ஒட்டிவிட்டால் ரேடாருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஓக்லஹோமாவின் மேற்கில், மே மாதம் பிறந்தால் சுழல்காற்றுக்குப் பயந்து வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடமாடுகிற டெல்ஃபோர்ட் போன்ற ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

வாரத்துக்கு ஒரு துண்டு அவள் மேஜைக்கு வரும். அதை உலோகத் தகட்டில் ஒட்டி, ஊமை அறையின் நடுவில் நிறுத்தி, அலையை அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பாள். நூறு பங்கு அனுப்பினால் ஒரு பங்கு திரும்பும். சில வாரம் அதுவும் திரும்பாது. எழுதி, கையெழுத்துப் போட்டு, துண்டுக்கு எண் ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவாள்.

துண்டைக் கொண்டுவந்து கொடுப்பவன் டெரல். பூச்சுப் பிரிவின் மேஸ்திரி, அவளுடைய சொந்தத் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, வோண்டாவுக்குப் பத்தொன்பது. அப்பா லாரியோடு மாதக் கணக்கில் வெளியே போய்விடுவார். அவனுக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் அவன் செய்த வம்புக்கெல்லாம் போய் நின்றதும், கல்யாணத்தில் அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்ததும் வோண்டாதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவன் காரணம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை.

விதிப்படி அளப்பவர்தான் பூச்சுப் பிரிவுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் சுருளில் தன் கண்ணில் படும் இடத்தில் வெட்டி எடுத்துவர வேண்டும். 'முன்குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து நானே எடுத்தேன்' என்று படிவத்தில் எழுதவும் வேண்டும். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தாள். பிறகு டெரல் மேஸ்திரி ஆனான்.

"எதுக்குக்கா அவ்வளவு தூரம் நடக்கிற? முட்டி வேற வலிக்குதுங்கற. நான் இந்தப் பக்கம் வர்றப்ப வெட்டிக் கொண்டாந்து குடுத்துடறேன்."

சரி என்றாள். படிவத்தில் மட்டும் பழைய வரியையே எழுதினாள். தம்பி எடுத்தால் என்ன, தான் எடுத்தால் என்ன என்றுதான் நினைத்தாள்.

ஊருக்கு வடக்கே மேட்டு நிலத்தில் முப்பது காற்றாலை வைக்க அனுமதி கேட்டு வந்தபோது, கூட்டத்தில் வெண்டல் ஹோஃபர் எழுந்து நின்றார். மேட்டை ஒட்டி அவருடைய கோதுமை வயலும் மாட்டுப் பட்டியும். அவர் மனைவி நடீன் வோண்டாவுக்குப் பள்ளிக்கூடத் தோழி. எதற்கும் சட்டென்று தலையாட்டாத மனிதர். அவர் என்ன சொல்கிறாரோ அதைப் பார்த்துத்தான் பாதிக் கூட்டம் கை தூக்கும்.

"விட்லோ சொல்றதை நான் கேக்கப் போறதில்ல, அவரு விக்கிறவரு," என்றார். "வோண்டா, நீ சொல்லு. அந்த ரேடாரை மறைக்கிற எதுவும் என் வீட்டுக்குப் பக்கத்துல எனக்கு வேணாம். தாளை ஒட்டினா இறக்கை ரேடார்ல தெரியுமா, தெரியாதா?"

வோண்டா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முகம் சிவந்துவிட்டது.

"தெரியாது வெண்டல். என் கையால அளந்தது. நூத்துல ஒண்ணுதான் திரும்புது."

"நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். ஓட்டெடுப்பில் கை தூக்கினார்.

அடுத்த வருடம் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தன. கன்னங்கரேலென்று தொண்ணூறு இறக்கைகள். கொஞ்ச நாளில் வானிலை அலுவலகத்திலிருந்து விட்லோவுக்குக் கடிதம் வந்தது. மேட்டுக்கு மேல் ரேடாரில் எந்நேரமும் ஒரு திட்டுத் தெரிகிறது, தாளைச் சரிபாருங்கள் என்று. விட்லோ வோண்டாவின் அளவுத் தாள்களைக் கட்டாக அனுப்பி, எங்கள் சரக்கில் குறை இல்லை என்று பதில் எழுதினார். இது வோண்டாவின் காதில் விழுந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா டெரல், ரேடார்ல என்னமோ திட்டு தெரியுதாமே?"

"அவங்க ரேடார் நம்ம அம்மா காலத்து ரேடாருக்கா. புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்ப நம்ம தலையில பழியைப் போட்டா கிடைக்குமான்னு பாக்கறாங்க."

"அப்படிங்கற?"

"நீ அளந்தியா, இல்லையா?"

"அளந்தேன்."

"அப்புறம் என்ன? அந்த வெண்டைக்காய் வறுவலை இப்படித் தள்ளு. மொத்தத்தையும் நீயே தின்னுடாத."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலு மணி பதினெட்டு நிமிடத்துக்குச் சுழல்காற்று மேட்டில் இறங்கியது. ஊரின் அபாயச் சங்கு நாலு இருபத்திரண்டுக்கு ஊதியது. அந்த நாலு நிமிடத்துக்குள் மூன்று காற்றாலைகள் ஒடிந்து விழுந்தன, ஹோஃபர் வீட்டுக் கூரை போனது, மாட்டுப் பட்டி இருந்த இடம் தெரியாமல் போனது. ஈனப்போகிற பசுவைப் பார்க்க வெண்டல் பட்டிக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாக வானத்தின் நிறத்தைப் பார்த்த நடீன் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே நிலவறைக்குள் இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், கோழியும் சோறும் சேர்த்துச் சுட்ட பாத்திரத்தோடு வோண்டா நடீனைப் பார்க்கப் போனாள். நடீன் தங்கை வீட்டில் இருந்தாள். மேஜை முழுக்க ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பாத்திரங்கள், ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

"வானிலை ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணு எனக்கு போன் பண்ணி அழுதாடி," என்றாள் நடீன். "மேட்டு மேல தினமும் அந்தத் திட்டு தெரியுமாம். அன்னைக்கும் அதுதான்னு இருந்துட்டாளாம். அதுக்குள்ள காத்து சுத்திக்கிட்டு இருந்தது நாலு நிமிஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுதாம். நான் அவளை என்ன சொல்ல?"

நடீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேடார்ல ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னியே வோண்டா. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னியே."

அங்கிருந்து வோண்டா நேராக ஹோஃபர் வயலுக்குத்தான் வண்டியை விட்டாள். ஒடிந்த இறக்கை ஒன்று பயிரை நசுக்கிக்கொண்டு, கரையில் ஒதுங்கிய திமிங்கலம் மாதிரிக் கிடந்தது. கத்தியால் கையகலத்துக்குத் தாளைக் கீறி உரித்தாள். கையில் எடுத்துப் பார்த்தால் அதே கறுப்பு, அதே மழமழப்பு. வெயிலில் பிடித்தால் விரல் சுட்டது. இத்தனை வருடம் அளந்த தாளுக்கும் அதற்கும் அவள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஊமை அறையில் வைத்து அளந்தாள். நாற்பத்திரண்டு பங்கு திரும்பியது.

தகட்டைச் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்துப் பிரித்து மறுபடி ஒட்டினாள். நாற்பத்தொன்று. கருவியை அணைத்துப் போட்டாள். நாற்பத்திரண்டு. பிறகு துண்டின் ஓரத்தைச் சீவி நுண்ணோக்கியின் அடியில் வைத்து, உதடு அசைய எண்ணினாள். நாலு அடுக்கு. அலமாரியைத் திறந்து போன வருடத்துத் துண்டு ஒன்றை எடுத்துச் சீவினாள். பதினொன்று. அதற்கு முந்தின வாரத்தது பதினொன்று. ஆறு துண்டு பார்த்தாள், ஆறும் பதினொன்று. வெளிச்சத்தைக் குடிக்க நாலு அடுக்கே போதும். மனிதக் கண் அதற்கு மேல் பார்க்காது. மீதி ஏழும் ரேடியோ அலைக்காகப் பூசுவது.

அவள் கைக்கு வந்த துண்டுகளும் ஊருக்குப் போன தாளும் வேறு வேறு. அவற்றை அவள் கைக்குக் கொண்டுவந்தவன் ஒருவன்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. டெரல் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ரெண்டு வருஷமா," என்றான். "பதினொண்ணு பூசி எடுக்க ஒரு சுருளுக்கு ரெண்டு நாள் ஆகுது. முப்பது காத்தாலைக்குக் கேட்ட தேதியில குடுக்க வழியே இல்ல. நாலு போதும், கறுப்பா இருந்தா யாரு எண்ணப் போறாங்கன்னு விட்லோ சொன்னாரு. உனக்குக் குடுக்கறதுக்கு மட்டும் சின்னச் சூளையில தனியா செஞ்சோம்."

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"வாரா வாரம்?"

"வாரா வாரம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

அவள் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வந்து அவனும் உட்கார்ந்தான். அழுதான். சின்ன வயதில் அழுததைப் போலவே முகத்தை முட்டியில் புதைத்துக்கொண்டு அழுதான். திங்கட்கிழமை மாநிலத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருவது இருவருக்கும் தெரியும்.

"வெண்டல் எனக்கு மீன் பிடிக்கக் கத்துக்குடுத்தவருக்கா," என்றான். "நானே சொல்லிடறேன். நாம ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடுவோம். திங்கக்கிழமை வரைக்கும் மட்டும் பொறுத்துக்க. ட்ரிஷாகிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் முதல்ல நான் சொல்லணும்."

"துண்டெல்லாம் அலமாரியில இருக்கு. சீவிப் பாத்துட்டேன்," என்றாள் வோண்டா. "ஒளிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."

"இல்லக்கா. ஒளிக்கல."

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டான். போனாள். அவன் மனைவி ட்ரிஷா கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது டெரல் வாசல்வரை வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, "பயமா இருக்குக்கா" என்றான். "நான் இருக்கேன்ல" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கோபம் போகவில்லைதான். ஆனாலும் உண்மையைச் சொல்லத் துணிந்துவிட்டானே என்று அந்தக் கோபத்துக்கு நடுவிலும் ஒரு நிம்மதி இருந்தது.

திங்கட்கிழமை, வெண்டல் கை தூக்கிய அதே கூடத்தில் விசாரணை நடந்தது. விசாரிக்க வந்த கார்லா பென்ட்லி கறாரான பெண்மணி, அதட்டாமல் பேசுவாள். நடீன் முதல் வரிசையில் இருந்தாள். முதலில் விட்லோவைக் கேட்டார்கள். நாலு அடுக்கை அவர் மறுக்கவில்லை. வயலில் மூன்று காற்றாலை கிடக்கும்போது எப்படி மறுப்பார்?

"சூளையில கோளாறு இருந்திருக்கு. அது எங்க தப்புதான்," என்றார். "ஆனா இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தானே அளக்கறதுக்குன்னு ஒரு ஆள் வச்சிருக்கோம்? வாரா வாரம் எல்லாம் சரின்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நாங்க நம்பினோம்."

"அளந்த துண்டெல்லாம் எங்க?" என்றாள் கார்லா.

"இடம் பத்தலைன்னு போன மாசமே கழிச்சுட்டோம்."

வோண்டா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெரல் ட்ராமெல், அலமாரியைப் போன மாசமே காலி பண்ணினது உண்மையா?"

"ஆமா."

"துண்டுகளைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"அக்காதான்," என்றான் டெரல். "எப்பவும் அவங்களேதான் வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. வேற யாரையும் தொட விடமாட்டாங்க."

"டெரல்," என்றாள் வோண்டா. சத்தமாகச் சொல்லவில்லை. அவன் நிமிரவில்லை.

அவளை அழைத்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னாள். கார்லா பென்ட்லி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுப் படிவக் கட்டை அவள் முன் நகர்த்தினாள்.

"இது உங்க கையெழுத்துத்தானே?"

"என்னுதுதான்."

"'முன்குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து நானே எடுத்தேன்.' நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல. தம்பி கொண்டுவந்து குடுப்பான்."

"அப்ப இத்தனை தாள்லயும் எழுதியிருக்கறது பொய்?"

வோண்டா படிவங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்து, ஒரே மாதிரி, அழகாக, சாய்வாக.

"ஆமா," என்றாள். "பொய்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நடீன் அவளை நிறுத்தினாள்.

"நீ சொன்னதை நான் நம்பறேன்," என்றாள். "டெரலோட மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ஆனா வோண்டா, உன் கையால அளந்தேன்னு வெண்டல்கிட்ட சொன்னே. எங்கேருந்து எடுத்ததுன்னே உனக்குத் தெரியாது. அதை அவர்கிட்ட சொல்லலையே நீ."

"சொல்லல."

"சொல்லியிருந்தா அவரு கை தூக்கியிருக்க மாட்டாரு."

நடீன் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. தாளை எல்லாக் காற்றாலைகளிலிருந்தும் உரிக்க உத்தரவானது, தொழிற்சாலையை மூடினார்கள், விட்லோ அபராதம் கட்டிவிட்டு ஊரைக் காலி செய்தார். துண்டுகள் எப்படி மேஜைக்கு வந்தன என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரே வரி. அளப்பவரின் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று இன்னொரு வரி. வோண்டாவின் சான்றிதழை ரத்து செய்தார்கள். டெரலுக்கு டெக்ஸாஸில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது.

அக்டோபரில் ஒரு காலைப்பொழுது அவன் வந்தான். பின்னால் சாமான் ஏற்றிய வண்டி. கையில் ட்ரிஷா சுட்ட பெக்கான் பருப்பு இனிப்பு, மேலே துணி போட்டு மூடியிருந்தது. வோண்டா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லு."

"விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை விட்லோ கூப்பிட்டாருக்கா. எல்லாம் என் கையால செஞ்சது, ஜெயிலுக்குப் போறவன் நான்தான்னு சொன்னாரு. மூணு பிள்ளைங்க. நான் போனா அதுங்க நடுத்தெருவுல நிக்கும். உனக்குன்னு யாரும் இல்ல. உன்னால தாங்கிக்க முடியும்னு நெனச்சேன்."

"சனிக்கிழமையா?" என்றாள் வோண்டா.

"ஆமா."

"அப்ப ஞாயித்துக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டப்ப, அலமாரி காலியா இருந்துது."

அவன் தலை குனிந்தான்.

"வாசல்ல வச்சு என்னைக் கட்டிப்பிடிச்சப்பவும்."

"அக்கா..."

"எனக்குன்னு யாரும் இல்லைங்கறியே. எனக்கு நீ இருந்தேடா."

அவன் பாத்திரத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அதை வாசல் படியில் வைத்துவிட்டுப் போனான். வண்டி சாலை திரும்பும்வரை அவள் நின்ற இடத்தில் நின்றாள். பிறகு பாத்திரத்தை எடுத்து, துணியைக்கூட விலக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தது.

குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவினாள். ஊரில் சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. ஜூன் மாதம் கோதுமை முற்றியது. இருந்த ஒரே ஓட்டுநர் முதுகுவலி என்று படுத்துவிட்டதால் ஹோஃபர் வயலில் தானிய லாரி ஓட்ட ஆள் இல்லை என்று தீவனக்கடையில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்பாவிடம் லாரி ஓட்டக் கற்றவள் அவள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்றாள்.

நடீன் அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. லாரி ஓட்ட ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

நடீன் எண்ணெய்க் கேனை மூடினாள். கையைத் துணியில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாவி வண்டியிலேயே இருக்கு," என்றாள் கடைசியில். "ரெண்டாவது கியர் விழாது. வெண்டல் சரிபண்ணணும் பண்ணணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அன்று ஒன்பது நடை அடித்தாள் வோண்டா. ஒவ்வொரு நடைக்கும் ஊர்த் தானியக் கிடங்குக்குப் போய் எடை போட்டுக் கொட்டிவிட்டு வருவாள். நடீன் இயந்திரத்திலிருந்து பார்த்துக் கையை அசைப்பாள், இவள் லாரியைப் பக்கத்தில் ஓட்டிக் கொடுப்பாள். மதியம் ஆளுக்கொரு பக்கம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொழுது சாய்ந்து இயந்திரத்தை நிறுத்தியதும் நடீன் லாரியின் அருகே வந்தாள்.

"நாளைக்குக் கீழ் வயல்," என்றாள். "ஆறுக்கே வந்துடு."